போர்சலின் டைல்ஸ் தரைல பிரச்சனையா? மொதல்ல கல்லைத் திட்டாதீங்க

வடசென்னைல பழைய மொசைக்கையும் ரெட் ஆக்சைடையும் மூடிட்டு போர்சலின் டைல்ஸ் போடாத வீடு இப்போ கம்மி. கடைல விட்ரிஃபைட்னு சொல்லி குடுக்கறதும் அதே வகைதான், கொழப்பிக்க வேணாம். போட்ட கொஞ்ச நாள்லயே "கல்லு சரியில்லப்பா, கடைக்காரன் ஏமாத்திட்டான்"னு புலம்பல் ஆரம்பிச்சிடும், ஆனா பெரும்பாலும் கல்லு மேல தப்பே இருக்காது. கிட்டத்தட்ட 1200 டிகிரி சூட்ல வெந்து வர்ற கல்லு அது, நூறு கிராம் கல்லு அரை கிராம் தண்ணிகூட குடிக்காது. கெடுறதெல்லாம் கல்லுக்கு நடுவுல இருக்க ஜாயின்ட்டு, இல்லன்னா கல்லுக்கு அடில இருக்க கலவை, அதுவும் இல்லன்னா கல்லுக்கு மேல நாமளே தெனமும் தடவி வெச்ச படலம். இந்த மூணுல எதுன்னு தெரிஞ்சாலே பாதி செலவு மிச்சம், அதனால உங்க வீட்டுத் தரைல என்ன தெரியுதோ அதுக்கு நேரா போய் படிச்சுக்கோங்க.

அதுக்கு முன்னாடி ஒரு செக்

உங்க வீட்ல இருக்கறது நெஜமாவே போர்சலின்தானான்னு பாத்துடுங்க. வேலை முடிஞ்சு மிச்சமான டைல்ஸ் மாடிப்படிக்கு அடில எங்கயாச்சும் கெடக்கும், அதுல ஒண்ணை எடுத்து கவுத்துப் போட்டு பின்பக்கம் ரெண்டு சொட்டு தண்ணி விடுங்க. பாத்துகிட்டு இருக்கும்போதே உறிஞ்சிடுச்சுன்னா அது சாதா செராமிக், சொட்டு அப்படியே நின்னுச்சுன்னா போர்சலின். பெட்டி அட்டை இருந்தா அதுல ஐஎஸ் 15622னு (டைல்ஸுக்கான இந்திய தர நம்பர்) போட்டு பக்கத்துல தண்ணி உறிஞ்சற அளவு 0.5 சதவீதத்துக்குள்ளன்னு இருக்கும்.

அப்புறம் உங்க கல்லு பாலிஷா, பளபளப்பு இல்லாத மேட்டா, இல்ல மேல டிசைன் ப்ரிண்ட் பண்ணி க்ளேஸ் (கண்ணாடி மாதிரி பூச்சு) போட்டதான்னும் தெரிஞ்சுக்கணும், ஏன்னா பாலிஷ் கல்லுல பாலிஷ் போடும்போது கண்ணுக்குத் தெரியாத குட்டிக் குட்டி ஓட்டை தொறந்துக்கும், கறை புடிக்கற பிரச்சனை அங்கதான் வரும். மேட்ல கறை ரொம்ப புடிக்காது, ஆனா சொரசொரப்புல அழுக்கு தங்கும். ரெண்டுலயும் ஒரு வசதி, ஒரு தொல்லை.

தொடச்சாலும் மங்கலா இருக்கு, கால் தடம் தெரியுது, பிசுபிசுங்குது

நெறைய பேர் கேக்கறது இதான். பளபளன்னு இருந்த கல்லு இப்போ செத்துப்போச்சுங்கறாங்க. கல்லு சாகல, அது மேல பினாயில், லிக்விட், சோப்பு எல்லாம் படலமா காஞ்சு கெடக்கு. ஒரு பக்கெட் தண்ணிக்கு ஒரு மூடி ஊத்துன்னு பாட்டில்ல போட்டிருந்தா நாம அரை டம்ளர் ஊத்துவோம், அப்புறம் நல்ல தண்ணில ஒருவாட்டி தொடைக்க மாட்டோம். வீட்டுக்கு வீடு இந்த சண்டை நடக்கும், "அத்தை, பினாயில் கொஞ்சமா ஊத்துங்க"ன்னா "வாசனை வரலைன்னா தொடச்ச மாதிரியே இல்லியேம்மா"ம்பாங்க. காஞ்ச படலத்து மேல தூசி ஒட்டும், ஒட்டின தூசிய தொடைக்க இன்னும் கொஞ்சம் பினாயில் ஊத்துவோம், இப்படியே போவும்.

இதோட நம்ம ஏரியா தூசியையும் சேத்துக்கோங்க. எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு பக்கம்லாம் ஜன்னல் ஓரம் வெறும் வெரலால தொட்டாலே கறுப்பா வரும், அனல் மின் நிலையமும் துறைமுகமும் கன்டெய்னர் லாரியும் ஓடற ஊர்ல அது வராம எப்படி இருக்கும். அந்த கறுப்பு தூசிய பெருக்காம நேரா ஈர மாப்பை வெச்சு இழுத்தா சேறு பூசின கதைதான்.

பண்ண வேண்டியது: மொதல்ல நல்லா பெருக்கிடுங்க, சாஃப்ட் தொடப்பமா இருந்தா நல்லது. வெதுவெதுப்பான தண்ணி அரை பக்கெட்ல ஒரு கப் வெள்ளை வினிகர் கலந்து, மாப்பை நல்லா பிழிஞ்சு ஒரு ரவுண்டு தொடைங்க, உடனே வெறும் தண்ணில ஒரு ரவுண்டு, கடைசியா காஞ்ச மைக்ரோஃபைபர் துணி. படலம் தடியா இருந்தா ரெண்டு மூணு வாட்டி பண்ண வேண்டி வரும். ஹால்ல பாதி மார்பிள், பாதி டைல்ஸ்னு இருந்தா ஜாக்கிரதை, வினிகர் மார்பிளை அரிச்சிடும், போர்சலினை ஒண்ணும் பண்ணாது. அதுக்கப்புறம் தெனமும் வெறும் தண்ணியே போதும், வாரத்துக்கு ஒருவாட்டி லிக்விட் மூடி அளவுக்குப் போட்டா சரி. மெழுகு, பாலிஷ்னு எவனாச்சும் தரைக்குத் தடவ வந்தா அனுப்பிடுங்க, உறிஞ்சாத கல்லுல மெழுகு எங்க போய் உக்காரும், மேலயே நின்னு அழுக்கைத்தான் புடிச்சு வெக்கும்.

வெள்ளையா படிஞ்சிருக்கு

வெள்ளைன்னு பொதுவா சொன்னா வைத்தியம் சொல்ல முடியாது, மூணு விதம் இருக்கு.

புது வீடு, இல்ல டைல்ஸ் போட்டு கொஞ்ச நாள்தான் ஆச்சு, தரை முழுக்க புகை புடிச்ச மாதிரி மங்கலா இருக்கு, ஈரம் பட்டா காணாம போவுது, காஞ்சா திரும்ப வருதுன்னா அது சிமென்ட் பால். க்ரௌட் (ஜாயின்ட்டை அடைக்கற கலவை) அடிச்சிட்டு பையன் சரியா தொடைக்காம போயிட்டான்னு அர்த்தம். இதுக்கு சல்ஃபாமிக் ஆசிட் வெச்ச டைல்ஸ் க்ளீனர் கடைல கிடைக்கும், டப்பால போட்ட அளவுக்கு கலந்து, ஜாயின்ட்டை மொதல்ல தண்ணில நல்லா நனைச்சிட்டு (நனைஞ்ச ஜாயின்ட்டு ஆசிட்டை ரொம்ப உள்ள இழுக்காது) தேச்சு உடனே கழுவி விடணும். சிமென்டுக்கு பதிலா ரெசின்ல பண்ண எபாக்சி க்ரௌட் போட்ட வீடா இருந்தா இது வேலைக்கு ஆவாது, எபாக்சி படலத்துக்குன்னே தனி ரிமூவர் இருக்கு, போட்டவரையே கூப்பிட்டு எடுக்க சொல்லுங்க.

பாத்ரூம், வாஷிங் மெஷின் பக்கம், பைப்புக்கு கீழ மட்டும் வட்டம் வட்டமா வெள்ளை, நகத்தால சொரண்டினா சொரசொரன்னு இருக்குன்னா அது போர் தண்ணி உப்பு. கடலுக்குப் பக்கத்துல இருக்க தெருங்கள்ல போர் தண்ணி எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். வினிகரை அப்படியே துணில நனைச்சு உப்பு மேல கால் மணி நேரம் போட்டு வைங்க, நைலான் ஸ்க்ரப்பர்ல தேச்சா வந்துடும். தடுக்கணும்னா ஒரே வழி, குளிச்சு முடிச்சதும் வைப்பரால தண்ணிய தள்ளி விட்டுடறது. தரை தொடைக்க மட்டுமாவது மெட்ரோ தண்ணிய வெச்சுக்கோங்க, குடிக்கறதுக்கே லாரிக்கு நிக்கறோம் இவன் தரைக்கு கேக்கறான்னு தோணும், ஒரு பக்கெட் போதும்.

மூணாவது, கல்லு சுத்தமா இருக்கு, ஜாயின்ட்டு மேல மட்டும் வெள்ளைப் பொடி பூக்குது, தொடைச்சா போவுது, திரும்ப வருது. இது கீழ இருந்து வர்ற உப்பு. அடில ஈரம் இருக்கு, அந்த ஈரம் கலவைல இருக்க உப்பைக் கரைச்சு ஜாயின்ட்டு வழியா மேல கொண்டாந்து விட்டுட்டு தான் மட்டும் ஆவியா போயிடுது. க்ரவுண்ட் ஃப்ளோர்ல, அதுவும் உப்பு மணல், சரியா கழுவாத மணல் போட்ட வீட்ல ஜாஸ்தி. மேல எவ்வளவு தேச்சாலும் நிக்காது. பாத்ரூம் ஓரம்னா பைப் லீக் இருக்கான்னு பாருங்க, தண்ணி மீட்டரை நோட் பண்ணிட்டு எல்லா டேப்பையும் மூடி ஒரு ராத்திரி விட்டா தெரிஞ்சிடும், மீட்டர் இல்லன்னா டேங்க் மட்டத்துல கோடு போட்டு பாருங்க. லீக் இல்ல, புதுசா போட்ட தரைதான்னா சில மாசத்துல தானா கொறையும், ஈரத்துணிய விட காஞ்ச பிரஷ்ஷால பொடியை எடுத்துடறது நல்லது, தண்ணி ஊத்தினா பாதி உப்பு திரும்ப உள்ள போயிடும்.

ஜாயின்ட்டு கறுத்துப் போச்சு

சாதா சிமென்ட் க்ரௌட் தண்ணியும் எண்ணெயும் குடிக்கும், கல்லுதான் குடிக்காது. சமையக்கட்டுல அடுப்புக்கு கீழ இருக்க ஜாயின்ட்டு கறுக்கறது எண்ணெய், அதுக்கு பாத்திரம் வெளக்கற லிக்விடை சுடு தண்ணில கலந்து பழைய டூத்பிரஷ்ஷால தேய்ங்க. பாத்ரூம்ல கறுக்கறது பூஞ்சை, அதுக்கு ப்ளீச்சிங் பவுடர் தண்ணில கரைச்சு ஊத்தி கொஞ்ச நேரம் விட்டு கழுவினா போவும்.

இந்த எடத்துல ஒண்ணை சத்தமா சொல்லியாகணும். ஆசிட்டையும் ப்ளீச்சிங்கையும் ஒண்ணா ஊத்தாதீங்க, ஒண்ணு ஊத்தி சரியா கழுவாம அடுத்ததும் ஊத்தாதீங்க. டாய்லெட் கழுவற லிக்விட்ல பலதுலயும் இருக்கறது ஆசிட்தான். ரெண்டும் சேந்தா க்ளோரின் வாயு வரும், ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. வினிகருக்கும் இதே ரூல்தான்.

சைக்கிள்ல கேன்ல கொண்டாந்து விக்கற ஆசிட்டை தரை முழுக்க ஊத்தி பளிச்னு ஆக்கிடலாம்னு நெனைக்கறவங்களுக்கு: கல்லு தாங்கும், சிமென்ட் ஜாயின்ட்டு தாங்காது. ஊத்தின உடனே ஜாயின்ட்டுல நுரை பொங்கும் பாருங்க, அது அழுக்கு போற நுரை இல்ல, க்ரௌட்டே கரையற நுரை. ஒவ்வொருவாட்டியும் ஜாயின்ட்டு கொஞ்சம் பள்ளமாவும், பள்ளத்துல இன்னும் அழுக்கு சேரும், கடைசில தண்ணி அடிக்கு எறங்கும். ஏற்கனவே பள்ளமாயிட்ட ஜாயின்ட்டை க்ரௌட் சொரண்டற கத்தியால சுத்தம் பண்ணி எபாக்சி க்ரௌட் போட்டுட்டா சமையக்கட்டுக்கும் பாத்ரூமுக்கும் நிம்மதி. காசு ஜாஸ்தி, ஆனா அந்த ரெண்டு எடத்துக்கு மட்டுமாவது போடலாம். ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் சிமென்ட் க்ரௌட்டே தாராளம்.

கறை போவல

மஞ்சள், குழம்பு, டீ இதெல்லாம் மேட் கல்லுல லிக்விடுக்கே போயிடும். பாலிஷ் கல்லுல தங்கிடுச்சுன்னா மெடிக்கல் ஷாப்ல கிடைக்கற ஹைட்ரஜன் பெராக்சைடை டிஷ்யூ பேப்பர்ல நனைச்சு கறை மேல வெச்சு மேல ப்ளாஸ்டிக் கவரை மூடி சில மணி நேரம் விடுங்க.

ஞாயித்துக்கிழமை காசிமேட்டுல இருந்து வந்த மீனை சமையக்கட்டுத் தரைல உக்காந்து அரிவாள்மணைல கழுவறவங்க வீட்ல ரெண்டு விஷயம் பாத்திருப்பீங்க. ஒண்ணு மீன் வாடை, அது கல்லுல இல்ல, ஜாயின்ட்டுல இருக்கு, பச்சத் தண்ணில லிக்விட் போட்டு மொதல்ல கழுவிடுங்க, சுடு தண்ணிய எடுத்த உடனே ஊத்தினா ரத்தம் ஒறைஞ்சு ஒட்டிக்கும். ரெண்டாவது அரிவாள்மணை, கேஸ் சிலிண்டர், க்ரைண்டர் இழுத்த எடத்துல சாம்பல் கலர்ல கோடு கோடா இருக்கும். எல்லாரும் கல்லு கீறிடுச்சும்பாங்க. வெரல் நகத்தை அந்தக் கோட்டுக்கு குறுக்க ஓட்டிப் பாருங்க, நகம் எங்கயும் தட்டுப்படலைன்னா அது கீறல் இல்ல, இரும்பு, இல்லன்னா அலுமினியத்தோட பொடி கல்லு மேல அப்பிக்கிட்டது. அந்த உலோகத்தை விட கல்லு கெட்டி, அதனால தேயறது கல்லு இல்ல, பாத்திரமும் சிலிண்டரும்தான். ஆக்சாலிக் ஆசிட் பவுடரை கையுறை போட்டுகிட்டு கொஞ்சம் தண்ணில பேஸ்ட்டா கொழைச்சு தடவி, அஞ்சு பத்து நிமிஷம் விட்டு தேச்சா போயிடும். சிலிண்டர் அடி வட்டமா விட்ட துருவுக்கும் பீரோ கால் துருவுக்கும் அதே மருந்துதான். பாரிமுனை நைனியப்ப நாயக்கன் தெரு கெமிக்கல் கடைங்கள்ல கேட்டா குடுப்பாங்க. விஷம் அது, புள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, முடிஞ்சதும் நெறைய தண்ணி விட்டு கழுவுங்க. துருவுக்குன்னு விக்கற சில லிக்விட்ல ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட் இருக்கும், அது ஒண்ணுதான் இந்தக் கல்லையே அரிக்கும், உடம்புக்கும் ரொம்ப மோசம், லேபிள்ல அந்தப் பேரைப் பாத்தா வாங்காதீங்க.

நகம் தட்டுப்பட்டா அது நெஜ கீறல். பெரும்பாலும் மணல். கடற்கரை மணல்ல இருக்க குவார்ட்ஸ் பாலிஷ் கல்லையும் கீறும், செருப்புல ஒட்டி வர்ற மணல் சோபா காலுக்கு அடில மாட்டிக்கும். வாசல்ல கயித்து மிதியடி ஒண்ணு, உள்ள துணி மிதியடி ஒண்ணு, நாற்காலி காலுக்கு ஃபெல்ட் ஒட்டு, அவ்ளோதான். விழுந்த கீறலுக்கு வீட்டு வைத்தியம் கிடையாது.

தட்டினா டொக்கு டொக்குங்குது, இல்ல டைல்ஸ் தூக்கிடுச்சு

பெரிய செலவு இங்கதான். ஒரு ரூபா காசை எடுத்து கல்லோட நாலு மூலைலயும் நடுவுலயும் தட்டிப் பாருங்க. கெட்டியா சத்தம் வந்தா அடில கலவை புடிச்சிருக்கு, காலியா சத்தம் வந்தா புடிக்கல. சாக்பீஸால காலியான எடத்தை வட்டம் போட்டு வைங்க. ஏதோ ஒரு கல்லுல ஓரமா உள்ளங்கை அளவுக்கு காலின்னா பயப்பட வேணாம், சும்மா விடுங்க. வரிசையா அஞ்சாறு கல்லு, இல்ல முக்காவாசி கல்லு காலியா கேட்டா கவனிக்கணும், அது மேல பீரோ, ஃப்ரிட்ஜ் வெச்சா ஒடையும்.

ஏன் இப்படின்னா, தண்ணியே குடிக்காத கல்லு சிமென்ட் பாலையும் குடிக்காது. மொசைக்கும் சாதா செராமிக்கும் சிமென்டை உள்ள இழுத்து புடிச்சுக்கும், போர்சலின் இழுக்காது, அதனால பாலிமர் கலந்த டைல்ஸ் அட்ஹெசிவ் (டைல்ஸ் ஒட்டற பசை) வேணும். நம்மாளுங்க நாலு மூலைக்கு நாலு உருண்டை நடுவுல ஒண்ணுன்னு கலவையை வெச்சு அழுத்திட்டுப் போயிடறாங்க, நடுவுல முழுக்க காத்து. பல்லு வெச்ச கரண்டியால ஒரே பக்கமா கோடு இழுத்து, ரெண்டடிக்கு நாலடி மாதிரி பெரிய கல்லா இருந்தா கல்லோட முதுகுலயும் பூசி ஒட்டணும். அந்த முதுகுல வெள்ளையா பவுடர் இருக்கும், சூளைல ஒட்டாம இருக்க தடவினது, அதை ஈரத்துணியால தொடைக்காம ஒட்டினா அட்ஹெசிவ் பவுடரைத்தான் புடிக்கும், கல்லைப் புடிக்காது. பழைய மொசைக் மேலயே ஒட்டறவங்க மொசைக் பாலிஷை நல்லா கொத்தி விடாம ஒட்டினா இதே கதை.

தூக்கறது இன்னொரு கட்டம். ராத்திரி திடீர்னு சத்தம் கேட்டு எழுந்து பாத்தா ஹால் நடுவுல ரெண்டு கல்லு ஒண்ணோட ஒண்ணு முட்டிகிட்டு மேல எழும்பி நிக்கும். பேய் பிசாசுன்னு ஒண்ணும் இல்ல. 15 அடி ஹால்ல 15 டிகிரி சூடு ஏறினா கல்லு எல்லாம் சேந்து அரை மில்லிமீட்டர் கிட்ட விரியும், புது காங்கிரீட் அதே நேரத்துல காஞ்சு சுருங்கிட்டும் வரும். அந்த அரை மில்லிமீட்டருக்கு போக்கிடம் இல்லன்னா மேலதான் வரணும். வேலை நடக்கும்போது ஜாயின்ட்டு கேப் விட சொன்னா மேஸ்திரி "கேப்பு விட்டா அசிங்கமா இருக்கும்ணே, அழுக்கு சேரும், நான் ஒட்டி ஒட்டி போட்டுக் குடுக்கறேன்"ம்பாரு. விடாதீங்க. கல்லுக்கும் கல்லுக்கும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் ஸ்பேசர் (கேப் விட நடுவுல வெக்கற குட்டித் துண்டு), சுவரோரம் சுத்தி எட்டு பத்து மில்லிமீட்டர் கேப், அந்தக் கேப்ல கலவை அடைக்காம விடணும், ஸ்கர்ட்டிங் (சுவர் அடில ஒட்டற பட்டை) போட்டா மறைஞ்சிடும், யாருக்கும் தெரியாது.

தூக்கிடுச்சுன்னா மிதிச்சு அமுக்காதீங்க, ஒடையும், ஓரம் பிளேடு கணக்கா வெட்டும். அந்த வரிசையை எடுத்துட்டு, சுவரோரம் ஸ்கர்ட்டிங்கைக் கழட்டி கேப் இருக்கான்னு பாத்து, இல்லன்னா கட்டரால கேப் வெட்டி விட்டுட்டுதான் திரும்ப ஒட்டணும். கேப் வெட்டாம அதே எடத்துல திரும்ப ஒட்டினா அடுத்த மே மாசமோ எப்பவோ பக்கத்து வரிசை எழும்பும். காலி சத்தத்துக்கு ஊசி போட்டு எபாக்சி ஏத்தறதும் இருக்கு, ரெண்டு மூணு கல்லுன்னா சரி, ஹால் முழுக்கன்னா அந்தக் காசுக்கு பேத்துப் போட்டுடலாம்.

வெடிப்பு

ஒரே கல்லுல நட்சத்திரமா வெடிச்சிருந்தா மேல ஏதோ விழுந்திருக்கு, அடில காலி. நாலஞ்சு கல்லைத் தாண்டி ஒரே கோடா போனா கீழ தளத்துல வெடிப்பு, கல்லை மாத்திப் பிரயோஜனம் இல்ல, மொதல்ல இன்ஜினியரைக் கூப்பிடுங்க.

வழுக்குது

கல்லு காஞ்சிருக்கும்போதும் வழுக்கினா லிக்விட் படலம், மேல சொன்ன வினிகர் வேலையைப் பண்ணுங்க. ஈரத்துல மட்டும் வழுக்கினா பாலிஷ் கல்லோட குணமே அதான், பாத்ரூமுக்கும் வாசலுக்கும் மாடிப்படிக்கும் பாலிஷ் போட்டிருக்கவே கூடாது. வயசானவங்க இருக்க வீட்ல கல்லை மாத்தற வரைக்கும் ரப்பர் மேட்டும் கைப்பிடியும் உடனே வைங்க. புதுசா வாங்கறவங்க பாத்ரூமுக்கு ஆர்11, இல்ல கொறைஞ்சது ஆர்10னு (எவ்வளவு வழுக்காதுன்னு சொல்ற நம்பர்) கேட்டு வாங்குங்க, கடைக்காரர் முழிச்சாருன்னா சாம்பிள் கல்லுல தண்ணி ஊத்தி வெறுங்காலால நின்னு பாத்துடுங்க.

வெள்ளம் வந்து வடிஞ்சதுக்கு அப்புறம்

2015 வெள்ளத்துலயும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல்லயும் தண்ணி உள்ள வந்த வீடுங்கள்ல போர்சலின் தரைதான் பெருசா சேதாரம் இல்லாம நின்னுச்சு, மரக் கதவும் ப்ளைவுட் அலமாரியும் போச்சு. ஆனா சேறு காயறதுக்குள்ள கழுவிடணும், காஞ்சா அதுல இருக்க மணலே கல்லைக் கீறும். மொதல்ல தண்ணி அடிச்சு சேறை வெளிய தள்ளுங்க, தேய்க்காதீங்க. சேறு போனப்புறம் லிக்விட், அதுக்கப்புறம் ப்ளீச்சிங் தண்ணி. எண்ணூர், மணலி பக்கம் மிக்ஜாம் சமயத்துல வந்த மாதிரி எண்ணெய் கலந்த தண்ணியா இருந்தா மரத்தூளைத் தூவி எண்ணெயை ஊறவிட்டு அள்ளிட்டு, சுடு தண்ணியும் பாத்திர லிக்விடும் போட்டு ரெண்டு மூணு தடவை கழுவணும், பெட்ரோல் மண்ணெண்ணெய்னு எதையும் தரைல ஊத்தாதீங்க, தீ ஆபத்து.

கல்லு காஞ்சாலும் அடில ஈரம் ரொம்ப நாள் நிக்கும், அதுக்குள்ள க்ரௌட் அடிச்சு மூட வேணாம். ஃபேனைப் போட்டு ஜன்னலைத் தொறந்து வெச்சு நல்லா காய விட்டுட்டு, காசை எடுத்து மறுபடி ஒவ்வொரு கல்லா தட்டிப் பாருங்க, ஸ்கர்ட்டிங் ஓரமும் வாசப்படி ஓரமும் முக்கியமா, அங்கதான் தண்ணி உள்ள பூந்து கலவையை அரிச்சிருக்கும். மாத்த வேண்டி வந்தா அதே கலர் கல்லு கடைல கிடைக்கறது கஷ்டம், பேட்சுக்கு பேட்ச் ஷேடு மாறும், அதனால டைல்ஸ் வாங்கும்போதே ஒரு பெட்டி சேத்து வாங்கி, பேட்ச் நம்பர் இருக்க அட்டையோட பரண் மேல போட்டு வைங்க. தரைல இல்ல, பரண் மேல.